மேமோகிராம்: நாள் குறிப்பது முதல் அறிக்கை கைக்கு வரும் வரை

மார்பகத்தை எக்ஸ்-ரே படமெடுத்துப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் மேமோகிராம். முதல் மேமோகிராமுக்குப் போன அன்று காலையில் குளித்துவிட்டு, அக்குளில் தாராளமாகப் பவுடர் பூசிக்கொண்டு கிளம்பினேன். மருத்துவமனைக்குச் சுத்தமாகப் போக வேண்டும் என்று சிறு வயதில் யாரோ சொல்லிவைத்த பழக்கம். படமெடுக்கும் பெண் வணக்கத்துக்குப் பிறகு கேட்ட முதல் கேள்வியே, "பவுடர் போட்டிருக்கிறீர்களா?" என்பதுதான். ஈரத்துணியைக் கையில் கொடுத்து, "நன்றாகத் துடைத்துவிட்டு வாருங்கள் அம்மா, படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி விழும்" என்றார். வியர்வையைத் தடுக்க அக்குளில் பூசுபவற்றில் இருக்கும் அலுமினியம், பவுடர், களிம்பு எல்லாமே அப்படித்தான். மார்பகத்தில் படியும் நுண்ணிய கால்சியத் துகள்கள் சில நேரம் புற்றுநோயின் ஆரம்ப அடையாளமாக இருக்கும். அவற்றைத் தேடிக்கொண்டிருக்கும் கண்ணுக்கு முன்னால் நான் பவுடரைத் தூவிக்கொண்டு போய் நின்றிருக்கிறேன்.

அதன் பிறகு பல முறை போய்விட்டேன். ஒரு முறை "மறுபடியும் வாருங்கள்" என்று அழைப்பு வந்து, ஐந்து இரவு தூக்கம் கெட்டு, கடைசியில் ஒன்றுமில்லை என்று திரும்பினேன். இந்தப் பரிசோதனையில் உடம்பு படும் பாடு சில வினாடிகள்தான். மனம் படும் பாடு முழுவதும், அடுத்தது என்ன என்று தெரியாததால் வருவது. அதனால் அந்த அடுத்தது என்ன என்பதை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன். நான் மருத்துவர் அல்ல. உங்கள் உடம்பைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்.

முதலில் ஒரு கேள்வி: தொந்தரவு ஏதும் இருக்கிறதா?

உடம்பில் எந்த அறிகுறியும் இல்லாதவர், வயதை முன்னிட்டுப் போய் எடுத்துக்கொள்வதுதான் ஸ்கிரீனிங். கட்டியோ வேறு மாற்றமோ தென்பட்டு, அது என்னவென்று தெரிந்துகொள்ளப் போவது நோயறியும் பரிசோதனை. இயந்திரம் ஒன்றுதான், வழி வேறு. ஸ்கிரீனிங்கில் படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். அறிக்கை சில நாட்கள் கழித்து வரும். அறிகுறியோடு போனால், சந்தேகப்படும் இடத்தைக் குறிவைத்துப் படமெடுப்பார்கள். பல இடங்களில் அன்றே அல்ட்ராசவுண்டும் செய்து பார்ப்பார்கள். கையில் தட்டுப்படும் கட்டியை வைத்துக்கொண்டு ஸ்கிரீனிங் முகாம் எப்போது வரும் என்று காத்திருப்பது வீண் தாமதம். நேராக மருத்துவரிடம் போங்கள்.

கவனிக்க வேண்டிய மாற்றங்கள் இவை: மார்பகத்திலோ அக்குளிலோ புதிதாக ஒரு கட்டி அல்லது தடிப்பு, தோல் உள்ளிழுத்துக் குழி விழுவது, ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாகத் தடிப்பது, இதுவரை வெளியே இருந்த காம்பு உள்வாங்குவது, காம்பிலிருந்து தானாக நீரோ இரத்தமோ கசிவது, காம்பின் மேல் ஆறாத சொறி, ஒரு பக்கம் மட்டும் அளவோ வடிவமோ மாறுவது. வலி மட்டும் இருந்தால் பெரும்பாலும் காரணம் வேறாக இருக்கும். ஆனால் வலி இல்லாத கட்டி என்பதால் அது சாதுவானது என்று எண்ணிவிடக் கூடாது. இந்தத் தப்புக்கணக்கால் மாதங்களை இழந்தவர்கள் பலர்.

இன்னொன்றும் உண்டு. "ஆறு மாதத்துக்கு முன்புதான் மேமோகிராம் எடுத்தேன், ஒன்றுமில்லை என்றார்களே" என்பது இன்று தட்டுப்படும் கட்டிக்குப் பதில் ஆகாது. மேமோகிராம் ஏறக்குறைய எட்டுப் புற்றுநோயில் ஒன்றைத் தவறவிடும். இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே முளைத்து வளர்வதும் உண்டு.

உங்கள் அபாயம் எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது; 6 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள். நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பெண்ணாக இருப்பதையும் நாற்பதைத் தாண்டியதையும் தவிரக் குறிப்பிட்டுச் சொல்லும்படியான வேறு காரணம் எதுவும் இருப்பதில்லை. "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை" என்பதை நிம்மதிக்கு வைத்துக்கொள்ளலாம், பரிசோதனையைத் தட்டிக்கழிக்க வைத்துக்கொள்ளக் கூடாது. பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தால் ஏற்படுபவை நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான்.

ஆனால் அந்தச் சிறு கூட்டத்தில் நீங்கள் இருந்தால் கதை வேறு. பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 என்ற மரபணுக்களில் கேடான மாற்றம் உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. இவர்களுக்கு மேமோகிராம் மட்டும் போதாது, ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் சேர்த்துச் செய்யச் சொல்வார்கள், அதுவும் இளம் வயதிலிருந்தே. பத்து முதல் முப்பது வயதுக்குள் வேறு நோய்க்காக மார்பில் கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்களும் இதே வரிசையில் வருவார்கள்.

ஆகவே நாள் குறிப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு குடும்பத்தில் விசாரியுங்கள். யாருக்கு மார்பகப் புற்றுநோய், எந்த வயதில்? யாருக்காவது கருப்பைப் புற்றுநோய் என்று சொன்னார்களா? உண்மையில் அது சினைப்பைப் புற்றுநோயா? வீட்டுப் பேச்சில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும். மருத்துவருக்கோ சினைப்பையைப் பற்றித்தான் தெரிய வேண்டும். ஆண் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்ததா? முக்கியமாக, அப்பா வழியை விட்டுவிடாதீர்கள். மார்பகம் என்றதும் அம்மாவையும் சித்தியையும் நினைக்கிறோம், அத்தைகளை மறந்துவிடுகிறோம். அந்த மரபணு மாற்றம் தந்தை வழியாகவும் அதே அளவு வரும்.

எந்த வயதில், எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை?

இதற்கு ஒரே விடை கிடையாது. நாட்டுக்கு நாடு, அமைப்புக்கு அமைப்பு வேறுபடும். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, 40 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்று 2024-இல் மாற்றியது. அதற்கு முன் ஐம்பதில்தான் தொடங்கச் சொன்னது. பிரிட்டனில் 50 வயது முதல் 71-ஆவது பிறந்தநாள் வரை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அழைக்கிறார்கள். வசதியுள்ள நாடுகளில் 50 முதல் 69 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்கிறது உலக சுகாதார நிறுவனம். எல்லோரும் ஒத்துப்போவது ஐம்பதுக்கும் எழுபதுக்கும் நடுவில். நாற்பதுகளில் தொடங்குவதா என்பதில்தான் வாதம். இளம் வயதில் நோய் அரிது, மார்பகத் திசுவும் அடர்த்தி, அதனால் பொய் அலாரம் அதிகம் என்பது ஒரு பக்கத்தார் வாதம். நாற்பதுகளில் வருவது வேகமாக வளர்வதாக இருக்கலாம் என்பது மறு பக்கத்தார் வாதம். இரண்டுமே உண்மை. சராசரி அபாயம் உள்ளவராக இருந்தால், நாற்பது தொட்டதும் மருத்துவரிடம் ஒரு முறை பேசிவிட்டு முடிவெடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

நெருங்கிய இரத்த உறவுக்கு இளம் வயதில் நோய் வந்திருந்தால், அவருக்கு வந்த வயதிலிருந்து பத்தைக் கழித்து, அந்த வயதில் தொடங்கச் சொல்வது மருத்துவர்கள் வழக்கம். எழுபத்தைந்துக்கு மேல், வயதைவிட உடல்நிலைதான் கணக்கு.

கையால் தொட்டுப் பார்ப்பது போதாதா?

இந்தக் கேள்விக்கு இரண்டு பெரிய ஆய்வுகள் விடை வைத்திருக்கின்றன. ஷாங்காயில் 1989-இல் தொடங்கி, 2 லட்சத்து 66 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைத் தொழிலாளிப் பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் சுயபரிசோதனையை முறையாகக் கற்றுக்கொடுத்தார்கள். 2002-இல் முடிவு வந்தது: கற்றுக்கொண்டவர்களில் இறந்தவர் 135, கற்காதவர்களில் 131. வித்தியாசமே இல்லை. மாறாக, தீங்கற்ற கட்டிகளுக்கான பயாப்சிகள்தான், அதாவது ஊசியாலோ கத்தியாலோ சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பதுதான், கூடின. மாதா மாதம் இந்தத் தேதியில் இப்படித்தான் தடவ வேண்டும் என்ற சடங்கை இப்போது பலர் வலியுறுத்தாததற்கு இதுதான் காரணம். உங்கள் மார்பகம் வழக்கமாக எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும், மாறினால் தெரியும்.

பயிற்சி பெற்ற கை தொட்டுப் பார்ப்பது வேறு சங்கதி. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வில் ஒன்றரை லட்சம் பெண்கள் இருந்தார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வந்து மார்பகத்தைக் கையால் பரிசோதித்தார்கள். இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021-இல் வெளியிட்ட முடிவில், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இறப்பு கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை. மேமோகிராம் எட்டாத இடத்தில் இருப்பவர்கள் கைவிடப்பட்டவர்கள் அல்ல என்பதற்கு இந்த ஆய்வு சாட்சி.

இரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்றும், வெப்பப் படம் எடுத்தால் வலியே இல்லை என்றும் விளம்பரம் செய்வார்கள். இரண்டுமே மேமோகிராமுக்கு ஈடாகாது. அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் மேமோகிராமுக்குத் துணை நிற்பவை; முப்பதுக்குக் கீழே கட்டியோடு வருபவர்களுக்கு மட்டும் அல்ட்ராசவுண்டையே முதலில் பார்ப்பது வழக்கம்.

நாள் குறிக்கும்போது

மாதவிடாய் வருபவர்கள், அது முடிந்த வாரத்தில் நாள் வாங்குங்கள். அதற்கு முந்தைய வாரத்தில் மார்பகம் வீங்கி, தொட்டாலே நோகும். அழுத்தினால் கேட்கவே வேண்டாம்.

நாள் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டியவை: கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம், தாய்ப்பால் கொடுப்பது, முன்பு செய்த மார்பக அறுவை சிகிச்சை, சிலிக்கான் பொருத்தியிருப்பது, அண்மையில் கையில் போட்ட தடுப்பூசி. தடுப்பூசி போட்ட பக்கத்து அக்குளில் நெறி கட்டிப் படத்தில் தெரியும். விஷயம் தெரியாதவர் அதைப் பார்த்துப் பதறுவார். பால் கொடுப்பவர்கள் படத்துக்குச் சற்று முன்பு பாலூட்டிவிட்டோ பீய்ச்சிவிட்டோ போனால் படம் தெளிவாக விழும். சிலிக்கான் பொருத்தியவர்களுக்கு அதைப் பின்னால் தள்ளிவைத்துக் கூடுதலாக நான்கு படம் எடுப்பார்கள். அந்தப் பழக்கம் உள்ள மையமாகப் பார்த்துப் போவது நல்லது.

அன்று காலை வயிற்றைக் காயப்போட வேண்டியதில்லை. வழக்கமான மாத்திரைகளையும் போட்டுக்கொள்ளலாம். இடுப்புக்கு மேல் மட்டும் கழற்றும்படி மேலுடையும் கீழுடையும் தனித்தனியாக இருந்தால் வசதி. கழுத்துச் சங்கிலி வேண்டாம். பவுடர், களிம்பு, வாசனைத் திரவியம் எதுவும் மார்பிலும் அக்குளிலும் வேண்டவே வேண்டாம்.

பழைய படங்கள் இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள். நான் பிடிவாதமாகச் சொல்லும் ஒன்று இது. காரணம் பின்னால் வருகிறது.

அறைக்குள்

பெரும்பாலும் படமெடுப்பவர் பெண்ணாகவே இருப்பார். இல்லையென்றால் கேட்டுப் பெறலாம், அல்லது ஒரு பெண் உடன் இருக்க வேண்டும் என்று சொல்லலாம். முன்பக்கம் திறந்த அங்கி ஒன்று தருவார்கள். ஆளுயர இயந்திரம், நடுவில் ஒரு தட்டு, அதற்கு மேலே இறங்கி வரும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகை. நீங்கள் நிற்க வேண்டும். நிற்க முடியாதவர்களை உட்கார வைத்தும் எடுப்பார்கள்.

படமெடுப்பவர் உங்கள் மார்பகத்தைத் தன் கையால் தூக்கித் தட்டின் மேல் வைத்து, தோலை இழுத்துச் சரிசெய்து, தோளைத் தாழ்த்தி, முகத்தைத் திருப்பி வைப்பார். கூச்சமாகத்தான் இருக்கும். தட்டு சில்லென்று இருக்கும். பிறகு பலகை மெல்ல இறங்கும். முதலில் ஒரு பிடி, பிறகு இறுக்கம், "இதற்கு மேல் முடியாது" என்று நீங்கள் நினைக்கும் இடத்துக்குச் சற்று மேலே போய் நிற்கும். "மூச்சை அடக்குங்கள்." ஒரு சின்ன ரீங்காரம். பலகை தானாகவே மேலே போய்விடும். ஒவ்வொரு படத்துக்கும் இந்த இறுக்கம் சில வினாடிகள்தான். பத்துப் பதினைந்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும்.

ஏன் இப்படி நசுக்குகிறார்கள் என்று திட்டாதவர்கள் இல்லை, நானும் திட்டியிருக்கிறேன். மார்பகத்துக்குள் திசுக்கள் ஒன்றன் மேல் ஒன்றாக மடிந்து கிடக்கின்றன. பரப்பி வைத்தால்தான் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்திருப்பது தெரியும். மெல்லியதாகிவிட்டால் கதிரும் குறைவாகப் போதும். அசையாமல் இருந்தால் படமும் கலங்காது. சரியாக அழுத்தாமல் எடுத்த படத்துக்காக மறுபடியும் வந்து அழுத்திக்கொள்வதைவிட, ஒரே முறை தாங்கிக்கொள்வது மேல். ஆனாலும் தாங்க முடியாத வலி என்றால் "நிறுத்துங்கள்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நிறுத்திவிட்டு மெதுவாகத் தொடங்குவார்கள். ஒரு தந்திரம்: தோளை இறுக்கிக்கொண்டால் நெஞ்சுத் தசையும் இறுகி வலி கூடும். மூச்சை விட்டு, தோளைத் தொங்கவிட்டு நில்லுங்கள்.

ஒவ்வொரு பக்கமும் இரண்டு படம்: மேலிருந்து கீழாக ஒன்று, அக்குளையும் சேர்த்துச் சாய்வாக ஒன்று. மொத்தம் நான்கு. சாய்வுப் படத்தில்தான் தட்டின் மூலை அக்குளில் குத்தும். அதற்கு மட்டும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். சில இடங்களில் இயந்திரத்தின் தலை வளைவாக நகர்ந்து பல கோணங்களில் எடுக்கும். முப்பரிமாண மேமோகிராம் என்பது அதுதான். உங்களுக்கு உணர்வில் பெரிய வித்தியாசம் தெரியாது. உள்ளே போய் வெளியே வர அரை மணி நேரம் போதும்.

கதிரைப் பற்றிய பயம்: வழக்கமான மேமோகிராமின் அளவு ஏறக்குறைய 0.4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே நம் மேல் ஏழு வாரத்தில் விழும் கதிரின் அளவு அது.

அறிக்கையை வாசிப்பது

படமெடுத்தவரின் முகத்தைப் பார்த்து முடிவை ஊகிக்க முயலாதீர்கள். எல்லோரும் செய்கிறோம், பயனே இல்லை. அவர் படத்தின் தரத்தை மட்டும் பார்க்கிறார். நோயைப் பார்ப்பவர் கதிரியக்க மருத்துவர். பல ஐரோப்பிய நாடுகளில் ஒரு படத்தை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்ப்பார்கள்.

அறிக்கையில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். முதலாவது 'பைராட்ஸ்' என்ற எண். படத்தில் கண்டது எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்பதை வகைப்படுத்தும் எண் அது. பூஜ்யம் என்றால் பார்த்தது போதவில்லை, இன்னும் படம் வேண்டும் என்று பொருள். ஒன்று, ஏதுமில்லை. இரண்டு, ஏதோ இருக்கிறது, ஆனால் தீங்கற்றது என்று நிச்சயமாகத் தெரிகிறது. மூன்று, அநேகமாகத் தீங்கற்றது. புற்றுநோயாக இருக்க வாய்ப்பு நூற்றில் இரண்டுக்கு மேல் இல்லை, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கலாம். நான்கு, சந்தேகம், பயாப்சி வேண்டும். இந்த நான்குதான் மிக அகலமானது. நூற்றில் இரண்டு வாய்ப்பு இருப்பவரும் தொண்ணூறு இருப்பவரும் இதற்குள்ளேயே வருவார்கள். அதனால் இதை ஏ, பி, சி என்று பிரித்திருப்பார்கள். ஏ என்றால் நூற்றில் இரண்டு முதல் பத்து. உங்களுடைய நான்கு எந்த நான்கு என்று கேளுங்கள். ஐந்து, புற்றுநோயாகவே இருக்கலாம் என்ற வலுவான சந்தேகம், நூற்றில் தொண்ணூற்றைந்துக்கும் மேல். ஆறு, ஏற்கெனவே பயாப்சியில் உறுதியானவர்களுக்கு.

பூஜ்யத்தைப் பார்த்து நிம்மதி அடைந்து, அறிக்கையை மடித்து வைத்துவிட்டவர் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். பூஜ்யம் நல்ல மதிப்பெண் அல்ல. வேலை முடியவில்லை என்ற அறிவிப்பு.

இரண்டாவது, அடர்த்தி. ஏ முதல் டி வரை. சி, டி என்றால் அடர்த்தியான மார்பகம். இது நோய் அல்ல. நாற்பதைத் தாண்டிய பெண்களில் பாதிக்கு அருகில் இந்த வகைதான். அளவுக்கும் இதற்கும் தொடர்பில்லை, தொட்டுப் பார்த்தும் தெரியாது. ஆனால் அடர்ந்த திசுவும் படத்தில் வெள்ளை, கட்டியும் வெள்ளை. சுண்ணாம்புச் சுவரில் வெண்பொட்டைத் தேடுகிற கதை. அடர்த்தி கூடினால் நோய் வரும் அபாயமும் ஓரளவு கூடும். அமெரிக்காவில் 2024 செப்டம்பர் முதல் மார்பகம் அடர்த்தியா இல்லையா என்பதைப் பெண்ணுக்கே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. உங்கள் அறிக்கையில் இல்லையென்றால் கேளுங்கள். டி என்றால், அல்ட்ராசவுண்டோ வேறு பரிசோதனையோ சேர்த்துச் செய்வது உங்களுக்குப் பயன்படுமா என்று மருத்துவரிடம் விவாதியுங்கள்.

"மறுபடியும் வாருங்கள்"

எனக்கு வந்த அழைப்பு ஒரே வரி: கூடுதல் படம் தேவை, வரவும். அதில் வேறொன்றும் இல்லை. ஏன், எந்தப் பக்கம், எவ்வளவு கவலைப்பட வேண்டும், எதுவும் இல்லை. அந்த ஐந்து நாளில் நான் மனத்துக்குள் உயில்வரை எழுதிவிட்டேன். போனபோது இடப்பக்கத்தை மட்டும் சின்னப் பலகையால் அழுத்தி ஒரு படம் எடுத்தார்கள். மருத்துவர், "இந்த நிழல் முன்பே இருந்ததா என்று தெரிந்தால் போதும். பழைய படம் இல்லையா?" என்று கேட்டார். பழைய படம் என் வீட்டு அலமாரியில் இருந்தது. முதல் நாளே அதைக் கொண்டு போயிருந்தால் அழைப்பே வந்திருக்காது. மறுநாள் கொண்டு போய்க் கொடுத்தேன். நான்கு ஆண்டுக்கு முன்பும் அதே நிழல், அதே அளவு. முடிந்தது.

எண்களைச் சொன்னால் அந்த ஐந்து நாள் கொஞ்சம் சுருங்கும். பிரிட்டனில் பரிசோதனைக்கு வரும் நூறு பேரில் நான்கு பேரைத் திரும்ப அழைக்கிறார்கள். அந்த நால்வரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய். அமெரிக்காவில் நூற்றுக்குப் பத்துப் பேரை அழைக்கிறார்கள். பரிசோதனைக்கு வரும் ஆயிரம் பேரில் ஐந்து பேர் அளவில்தான் நோய் உறுதியாகிறது. ஆண்டுதோறும் பத்து ஆண்டு போனால், ஏறக்குறைய பாதிப் பெண்களுக்கு ஒரு முறையாவது பொய் அழைப்பு வந்துவிடும். முதல் தடவை போகிறவர்களை அழைப்பது இன்னும் அதிகம், ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் பழைய படம் கிடையாது.

அங்கே நடப்பது: சந்தேகப்பட்ட இடத்தில் பெரிதாக்கிய படம், பிறகு பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட். நீர்க்கட்டி என்றால் அல்ட்ராசவுண்டில் கறுப்பாகத் தெளிவாகத் தெரிந்துவிடும், கதை அங்கேயே முடியும். இளம் பெண்களுக்கு வரும் வழுவழுப்பான நார்க்கட்டியும் இப்படி அடையாளம் தெரியும். அழைப்பைத் தள்ளிப்போடாதீர்கள். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். மருத்துவர் சொல்வதில் பாதி அந்த நேரத்தில் நம் காதில் ஏறாது.

பயாப்சி என்று சொன்னால்

பயாப்சி என்றதுமே நோய் என்று பொருளில்லை. செய்யப்படுபவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே வருகின்றன. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போடுவார்கள். அந்த ஊசிதான் எரியும். பிறகு சின்னக் கீறல், அதன் வழியே அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே ஒரு ஊசி. திசுவை வெட்டி எடுக்கும்போது ஸ்டேப்ளர் அடிப்பது போல 'டக்' என்று சத்தம் வரும். அது முன்பே தெரிந்தால் துள்ள மாட்டீர்கள். நான்கைந்து 'டக்' இருக்கும். எடுத்த இடத்தை அடையாளம் காட்ட எள்ளைவிடச் சிறிய உலோகத் துண்டை உள்ளே விட்டுவைப்பார்கள். அது உடம்பை ஒன்றும் செய்யாது. கால்சியத் துகள்களாக இருந்தால் அல்ட்ராசவுண்டில் தெரியாது என்பதால், மேமோகிராம் இயந்திரத்தின் துணையோடு எடுப்பார்கள்.

தையல் கிடையாது, ஒரு கட்டு மட்டும். வீட்டுக்கு வந்து துணியில் பொதிந்த பனிக்கட்டி, ஓரிரு நாள் கனமானதைத் தூக்காமல் இருப்பது. நீலம் பாரித்து ஒரு வாரத்தில் மறையும். காய்ச்சலோ, இடம் சிவந்து சூடாவதோ, இரத்தம் நிற்காமல் கசிவதோ இருந்தால் உடனே தகவல் சொல்லுங்கள். ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று பயமுறுத்துபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டுப் பயாப்சியைத் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து. முடிவு வரச் சில நாட்களிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகலாம். எந்த நாளில், யார் சொல்வார், நேரிலா தொலைபேசியிலா என்பதை அங்கிருந்து எழுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நட்டக் கணக்கு

பரிசோதனையின் லாபத்தை மட்டும் சொல்லி நட்டத்தை மறைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. பொய் அழைப்பு ஒரு நட்டம், அதைச் சொல்லிவிட்டேன். இன்னொன்று, கண்டுபிடிக்காமல் விட்டிருந்தாலும் அந்தப் பெண்ணை ஆயுளுக்கும் தொந்தரவு செய்திருக்காத புற்றுநோயைக் கண்டுபிடித்துச் சிகிச்சை செய்வது. ஸ்கிரீனிங்கில் கிடைப்பவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று பால்குழாய்க்குள்ளேயே அடங்கிய ஆரம்ப நிலை. அதில் எது வெளியே பரவும், எது அப்படியே கிடக்கும் என்று இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் எல்லாவற்றுக்கும் சிகிச்சை. பிரிட்டனில் 2012-இல் ஒரு சுயேச்சைக் குழு இதைக் கணக்கிட்டது: ஐம்பது வயதில் தொடங்கி இருபது ஆண்டு அழைக்கப்படும் பத்தாயிரம் பெண்களில் 43 பேரின் மரணம் தவிர்க்கப்படுகிறது, 129 பேருக்குத் தேவையற்ற நோய்க்கண்டறிதல் நேர்கிறது. இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு நான் போகிறேன். போக வேண்டாம் என்று முடிவெடுப்பவரை அறியாதவர் என்று சொல்ல மாட்டேன். எண்களைப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் சரி.

ஆண்களுக்கும் இந்த நோய் வரும்; மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றில் ஒருவர் அளவில் ஆண்கள். அவர்களுக்குப் பொதுவான ஸ்கிரீனிங் இல்லை. காம்புக்கு அடியில் கட்டி தட்டுப்பட்டால் வெட்கப்படாமல் போய்க் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு

பைராட்ஸ் எண் ஒன்றோ இரண்டோ என்றால் அடுத்த தேதியைக் குறித்துவைத்து மறந்துவிடலாம். மூன்று என்றால் அந்த ஆறாவது மாதத்தை மறக்கவே கூடாது; மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே பரிசோதனையே.

அறிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், படத்தையும் கேளுங்கள். மருத்துவருக்கு வேண்டியது இன்னொரு மருத்துவர் எழுதிய வரிகள் அல்ல, அந்த நிழல். குறுந்தகட்டில் போட்டுத் தருவார்கள். என்னிடம் அப்படி மூன்று இருந்தன. ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம் என்றால் இன்றைய கணினியில் தகட்டை நுழைக்க இடமே இல்லை. தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவுக்கு மாற்றி, மேலே ஆண்டை எழுதி ஒட்டி, குடும்ப விவரம் எழுதிய அந்தத் தாளோடு ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன். இப்போது அது அலமாரியில் இல்லை, கைப்பை தொங்கும் கதவுக் கொக்கியில் இருக்கிறது.